அயர்லாந்திலிருந்து ஒரு தாளடி நடவு

அயர்லாந்துக்கு வந்த முதல் வாரத்தில் என்னை மிகவும் வியக்கவைத்த மனிதர் டி.பி.சி. மேற்குக் கடலோரம் ஒரு சிற்றூரில், வயதானவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்தில் எனக்கு நர்ஸ் வேலை. யார் எப்போது பணிக்கு வர வேண்டும் என்ற பட்டியலை ஊழியர் அறைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அதில் என் பெயர் இருந்தது, ஷம்பா என்ற வங்காளப் பெண்ணின் பெயர் இருந்தது, மீதி இடமெல்லாம் டி.பி.சி. காலையிலும் அவர், மாலையிலும் அவர், ஞாயிற்றுக்கிழமையிலும் அவர். நம் ஊரில் இனிஷியலைச் சொன்னாலே தெரிந்துவிடும் பெரிய மனிதர்கள் உண்டல்லவா, அப்படி ஒருவர் என்று எண்ணினேன். இவ்வளவு உழைப்பவரை ஒருமுறைகூடப் பார்க்க முடியவில்லையே என்று மேலாளர் ப்ரீடாவிடம் சொன்னேன். "நானும் அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று பெருமூச்சு விட்டார். அதை நான் அப்படியே நம்பினேன். கடைசியில் ஷம்பாதான் என்னைத் தனியே கூப்பிட்டு, அது ஆளில்லை, 'இனிமேல்தான் உறுதி செய்யப்படும்' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் என்று விளக்கினாள். அதாவது, யாரும் வரப்போவதில்லை.

தஞ்சாவூர்க்காரனுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. நம் அலுவலகங்களில் நாற்காலி இருக்கும், நாற்காலியின் முதுகில் துண்டு இருக்கும், மேசையில் மூக்குக்கண்ணாடிக் கூடுகூட இருக்கும்; ஆள் மட்டும் இருக்க மாட்டார். கேட்டால், இப்போதுதான் எழுந்து போனார் என்பார்கள். அப்பா இறந்தபின் பட்டா மாறுதலுக்காக நான் அலைந்த நாட்களில் மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே கிராம நிர்வாக அலுவலர். எந்த ஊரில் தேடினாலும் அவர் மற்ற இரண்டு ஊர்களில் ஒன்றில் இருந்தார். அங்கே ஆள் இல்லாததை மறைத்தார்கள். இங்கே அதற்கு ஒரு பெயர் வைத்துப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பேருந்து வராவிட்டால், ஓட்டுநர் இல்லை என்று நிறுத்தத்தில் ஒரு பலகை ஒளிர்கிறது. காத்திருந்தவர்கள் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கலைந்துபோகிறார்கள். திருக்காட்டுப்பள்ளிப் பேருந்து நிலையமாக இருந்தால் அந்த ஓட்டுநரின் மாமனார் வரைக்கும் விசாரணைக்கு வந்திருப்பார்.

மொழியும் என்னை ஏமாற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் போதவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருத்தியிடம் வர முடியுமா என்று கேட்டேன். "ஐ வில், யா" என்றாள். வருகிறேன், ஆமாம். இரண்டு முறை சம்மதம் சொல்லியிருக்கிறாளே என்று மகிழ்ந்து பட்டியலில் அவள் பெயரை எழுதினேன். அந்த ஞாயிறு முழுக்க நானும் ஷம்பாவும் மட்டும் ஓடினோம். பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் அந்தச் சொற்றொடரை அந்தக் குரலில் சொன்னால் 'உனக்கு வேற வேலை இல்லையா' என்று பொருள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நடவுக்குக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் "பாக்கலாங்க" என்று சொல்வதும் இதே இனம்தான். அந்தச் சொல்லை நம்பி நாற்று பறித்துப் போட்டவன் பிழைத்ததில்லை.

எங்களுக்குத் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்கால் ஓரத்தில் ஐந்து ஏக்கர் நன்செய். அப்பா போனபின் அதை அம்மாதான் பார்க்கிறார். குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்று நானும், கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவும் சொல்லாத நாளில்லை. அம்மா ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்: "ஒரு போகம் தரிசு கெடந்தா விட்டுர்றேன்." இதுவரை தரிசு கிடந்ததில்லை. என்னைப் பற்றி அம்மாவுக்கு ஒரே ஒரு சங்கடம். மகன் வெளிநாட்டில் நர்சிங் ஹோமில் இருக்கிறான் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். நம் பக்கத்தில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவ ஆஸ்பத்திரி. உங்க பையன் பிரசவமா பார்க்குறான் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அம்மா என்னிடம் அதைச் சொல்லி, இல்லை என்று நான் சொன்னதும் நிம்மதியடைந்து, பிறகு வேறு என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, சாப்பிடவைப்பது என்றேன். "அது பொம்பளைங்க பாக்குற வேலையில்லையா தம்பி" என்றார். ஆள் இல்லை அம்மா, அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்றேன். நல்லவேளை, அந்தப் பதில் அவருக்குப் புரிந்தது. ஆள் இல்லை என்பது டெல்டாவில் எல்லாவற்றுக்கும் செல்லும் பதில்.

கதை நடந்தது போன ஐப்பசியில். குறுவையை அறுத்துவிட்டு அதே வயலில் தாளடி நட வேண்டும். நாற்று தயாராக நிற்கிறது, சேறு அடித்தாகிவிட்டது, நட ஆள் இல்லை. முன்பெல்லாம் வடக்குத் தெருப் பெண்கள் வருவார்கள். இப்போது சிலர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், சிலரைத் துணிக் கம்பெனி வண்டி காலையிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது, மீதிப் பேர் பாக்கலாங்க என்கிறார்கள். நடவு எந்திரத்துக்கு வரிசையில் நின்றால் பொங்கல் வந்துவிடும். தவிர, அதற்கு நாற்றை வேறு விதமாக வளர்த்திருக்க வேண்டும். நாற்று முற்றினால் தூர் கட்டிக் கிளைக்காது. வங்கக் கடலில் எந்த நேரமும் காற்றழுத்தத் தாழ்வு உருவாகலாம். நடுமுன் பெருமழை பிடித்துக்கொண்டால் அந்தப் போகம் போயிற்று. அம்மா யாரையோ பிடித்து, யார் மூலமாகவோ ஒரு புரோக்கரிடம் பேசி, வங்காளத்திலிருந்து வந்திருந்த ஒரு நடவுக் குழுவைக் கூட்டிவந்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் ஆண்கள். புரோக்கர் அவர்களை மோட்டார் கொட்டகையில் இறக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். குழுவின் தலைவன் பெயர் நிமாய். அவனுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. இங்கே என்னிடம் பேசும் முதியவர்கள் செய்வதையே அம்மாவும் செய்தார்: புரியாதவனுக்குச் சத்தமாகச் சொன்னால் புரியும் என்று நம்பினார்.

முதல் நாளே கோளாறு. நிமாய் வந்து "எக்டு ஜொல்" என்று கேட்டிருக்கிறான். ஜொல் என்றால் ஜலம் என்று அம்மா சரியாகவே ஊகித்துவிட்டார். எட்டு என்பதும் தெளிவாகக் காதில் விழுந்தது. எட்டுச் சொம்பு தண்ணீரைக் கொண்டுபோய் வரிசையாக வரப்பில் வைத்தார். அவன் ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டு மற்றவற்றை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றானாம். எக்டு என்றால் கொஞ்சம் என்று எனக்குச் சொன்னவள் ஷம்பா. அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் தளும்பியது. உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன், நான் இடையில் நின்று மொழிபெயர்க்கிறேன் என்று அவளே முன்வந்தாள்.

அதில் ஒரு சிக்கல். பணி நேரத்தில் ஊழியர்களின் கைபேசிகள் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் இல்லத்தின் விதி. அயர்லாந்தில் காலை வேலை மும்முரமாக இருக்கும் நேரம்தான் ஊரில் பிற்பகல். இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தவர் டெனிஸ். மாடு வளர்த்த பழைய விவசாயி. முட்டிகள் இரண்டும் போய் எங்களிடம் வந்தவர். அவருடைய ஒரே மகள் ஆஸ்திரேலியாவில் நர்ஸ். இங்கே வேலை அதிகம், அங்கே வெயில் அதிகம் என்று போய்விட்டாள். அவள் விட்டுப்போன இடத்தில்தான் நான் நிற்கிறேன் என்பது டெனிஸின் கணக்கு. தன்னோடு பேசுவதற்காக அவள் அனுப்பிய டேப்லெட் அவருடைய கட்டிலோரம் இருந்தது. விதியை அவர் நன்றாகப் படித்திருந்தார். ஊழியர் தம் கைபேசியில் பேசக் கூடாது. ஆனால் இல்லவாசி ஒருவர் காணொளியில் பேச விரும்பினால் ஊழியர் உதவியே ஆக வேண்டும். "எனக்கு உன் அம்மாவோடு பேச வேண்டும். உதவு" என்றார்.

ஆக, அன்று முதல் டெனிஸ் தினமும் காலைக் கஞ்சிக்குப் பிறகு என் அம்மாவோடு அதிகாரபூர்வமாகப் பேசினார். அம்மா, வணக்கங்க என்பார். டெனிஸ், கிராண்ட் என்பார்; நலம், சரி, போதும் எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான். அத்தோடு அவர்கள் உரையாடல் முடிந்தது. அதன்பின் அம்மா கைபேசியை வயலை நோக்கித் திருப்புவார். டெனிஸ் வயலைப் பார்ப்பார். ஷம்பா, அம்மாவின் சொல்லை என்னிடமிருந்து ஆங்கிலத்தில் வாங்கி வங்காள மொழியில் நிமாய்க்குச் சொல்வாள். வாய்க்கால் ஓரத்துச் செய்தி அயர்லாந்து வரை வந்து, திரும்பி இருபதடி தூரத்தில் நின்றவனைப் போய்ச் சேர்ந்தது. முதல் தடவை பேசியபோதே ஷம்பாவும் நிமாயும் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினாய் என்றேன். அவன் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர், நலம் விசாரித்தேன் என்றாள். அவள் பர்த்வான் பக்கம், அங்கும் நெல்தான். அவள் முகம் சற்று மாறியிருந்ததை நான் கவனித்தேன். ஊர்ப் பாசம் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த ஆட்கள் நட்டதைப் பார்க்க வேண்டும். கயிறு பிடித்ததுபோல வரிசை, பின்னோக்கி நகரும் ஒரே சீரான வேகம். காலையில் வெறும் சேறாக இருந்த வயல் மாலையில் பச்சையாகிவிடும். வடக்குத் தெருப் பெண்கள் துணிக் கம்பெனி விடுமுறையன்று கூட்டமாக வந்து வரப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆம்பளைகள் நடும் நடவைப் பார்ப்பது அவர்களுக்குத் திருவிழா. குத்து நெருக்கமாக இல்லை என்றார்கள், நாற்றை ஆழமாக அழுத்துகிறான் என்றார்கள், அந்த ஓரத்தில் நிற்கிறானே அவனுக்கு இடுப்பே வளையவில்லை என்றார்கள். எங்கள் இல்லத்திலும் இதற்கு இணையான ஒரு குழு உண்டு; நான் கட்டில் விரிப்பு மாற்றும்போது, உட்கார்ந்த இடத்திலிருந்து மூலை சரியாக மடிக்கவில்லை என்று சொல்லும் மூன்று மூதாட்டிகள். ஆள் பற்றாக்குறை எவ்வளவு இருந்தாலும் மேற்பார்வைக்கு மட்டும் எந்த நாட்டிலும் ஆள் குறைவதில்லை.

பாதிக்கு மேல் நட்டு முடித்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் ஷம்பா வேறு மாடியில் பணியில் இருந்ததால் நானும் டெனிஸும் மட்டும் அம்மாவோடு பேசினோம். நிமாய்க்கு உடம்பு சரியில்லை என்றார் அம்மா. காலையிலிருந்து காலைக் காட்டி ஏதோ சொல்கிறான்.

"கால் கால்ங்கிறான் தம்பி. ஒருத்தன் இல்ல, அத்தன பேரும் கால் கால்ங்கிறானுவ. சேத்துப்புண்ணுதான். பாவம், நாள் பூரா தண்ணியில நிக்கிறானுவள்ல. வேப்பெண்ணெயில மஞ்சளக் கொழச்சுக் கொடுத்துருக்கேன்."

நிஜமாகவே காலைக் காட்டினானா என்று கேட்டேன். சாலைப் பக்கம் கையைக் காட்டினான், வலியில் எங்கே காட்டுவதென்று தெரியவில்லை போலிருக்கிறது என்றார். பெரிய பாத்திரம் நிறைய மருந்தை அவர்கள் வாங்கிக்கொண்டு திகைத்து நின்றதையும், அம்மா நின்று ஒவ்வொருவன் காலிலும் பூசவைத்ததையும் சொன்னார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. உணவு இடைவேளையில் இதை ஷம்பாவிடம் நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"கால் என்றால் எங்கள் மொழியில் நாளை" என்றாள். "நாளைக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்."

ஏன் போகிறார்கள் என்று கேட்டேன். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், நான்தான் கூப்பிட்டேன் என்றாள். அவள் அப்பாவின் வயலில் நெல் முற்றிச் சாயத் தொடங்கியிருக்கிறது. அறுக்க ஆள் இல்லை. அவர் ஊர் ஊராகத் தேடி, இளைஞர்கள் எல்லாம் தெற்கே போய்விட்டார்கள் என்று தினமும் மகளிடம் புலம்பியிருக்கிறார். தெற்கே என்றால் எங்கே என்று அவளுக்கு அதுவரை தெரியாது. டெனிஸின் டேப்லெட்டில் என் அம்மாவின் சேற்றில் நிற்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. நலம் விசாரித்தபோதே அவர்களிடம் பேசிவிட்டாள். கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் உங்கள் ஊருக்கு மட்டுமா மழை, எங்களுக்கும்தான் என்றாள். என் அம்மாவை இப்படி நட்டாற்றில் விடலாமா என்று கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "அவர்கள் உன் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த ஆட்களா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நான் எழுந்து போய்விட்டேன். அவளோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவும் செய்தேன். ஆனால் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதற்கும் ஓர் இடத்தில் போதுமான ஆள் வேண்டும். படுக்கையில் இருப்பவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். அதற்கு எண்ண வேண்டும். பிற்பகலில் அவளையும் என் தளத்துக்கே அனுப்பிவிட்டார்கள்; அங்கே இருந்தது நாங்கள் இருவர்தான். ஆகவே பிற்பகல் முழுக்க, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, அறை அறையாகப் போய், ஒன், டூ, த்ரீ என்று மட்டும் பேசிக்கொண்டோம். மூன்றாவது அறையில் அவள் கொஞ்சம் கோபமாக எண்ணினாள். நான்காவது அறையில் நான் அதைவிடக் கோபமாக எண்ணினேன். டெனிஸின் அறைக்குப் போனபோது, அவர் பாதி புரண்ட நிலையில் கையை உயர்த்தி நிறுத்தினார். யாருக்கு என்ன கோபம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். சொன்னோம், இருவரும் ஒரே சமயத்தில். அவர் நியாயம் சொல்லவில்லை. அவருக்கு நியாயத்தில் அக்கறை இல்லை.

"பாதி வயல் அப்படியே கிடக்கிறது. அதைப் பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் வராது" என்றார். "அந்த அம்மாவைக் கூப்பிடு."

அம்மாவிடம் விஷயத்தை, மருந்து பூசிய கதையில் தொடங்கிச் சுற்றி வளைத்துச் சொன்னேன். ஷம்பா பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். அம்மாவுக்கு வாய் ரொம்பப் பெரிது. தம் ஆட்களைக் கலைத்துக்கொண்டு போனவர்களை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டவர். நான் தயாராக இருந்தேன். அம்மா கைபேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, அந்தப் பொண்ணு நிக்குதா, காட்டு என்றார். காட்டினேன்.

"ஒங்க அப்பாவுக்கு எவ்வளவு நெலம்? கதிரு சாஞ்சிருச்சா, நிக்குதா?"

நான் மொழிபெயர்த்தேன். ஷம்பா, பாதி சாய்ந்துவிட்டது என்றாள். அம்மா விரல்விட்டு நாள் எண்ணிப் பார்த்தார்.

"முத்துன கதிரு யாருக்காவும் காத்துக்கிட்டு நிக்காது. நாத்து ரெண்டு மூணு நாளு பொறுக்கும். பாதி பேரு போவட்டும், பாதி பேரு இருக்கட்டும். நான் பாத்துக்குறேன்னு சொல்லு."

சொன்னேன். ஷம்பா அழுதாள். அம்மா அதற்கும் வழி வைத்திருந்தார்: அழுது முடிச்சுட்டு நிமாயை இருக்கச் சொல்லச் சொல்லு, அவன்தான் வேகமா நடுறான். அம்மா கைபேசியை மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோக, அழுத கண்ணோடு ஷம்பா வங்காள மொழியில் சொன்னாள். நிமாய் தலையை ஆட்டிவிட்டு, மஞ்சள் காய்ந்திருந்த தன் கால்களைக் காட்டி ஏதோ சொன்னான். ஷம்பாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எண்ணெய் வேலை செய்கிறதாம்.

மறுநாள் காலை பாதிப் பேர் இரயில் ஏறப் போய்விட்டார்கள். மீதி நின்ற வயலுக்கு இருந்தவர்கள் போதாது. எங்கள் காலைக் கஞ்சி முடிந்து நாங்கள் அழைத்தபோது அங்கே பிற்பகல்; வானம் கிழக்கே கறுத்திருந்தது. அன்று துணிக் கம்பெனிக்கு விடுமுறை; வடக்குத் தெருப் பெண்கள் வழக்கம்போல வரப்பில் வந்து உட்கார்ந்து, ஆள் குறைந்ததால் வரிசை இன்னும் கோணலாகப் போவதைப் பற்றிப் பேசினார்கள். அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். இறங்கியவர் திரும்பி, அவர்களில் மூத்தவளான பாக்கியத்திடம் பேசினார். அம்மா கைபேசியை வரப்பில் கட்டிவைத்திருந்த ஒரு நாற்று முடியில் சாய்த்து வைத்திருந்ததால் நாங்கள் எல்லாவற்றையும் கேட்டோம்.

"குத்தம் சொல்ல மட்டும் நல்லா வருது. அந்தப் பயலுவளுக்கு நடத் தெரியலன்னா எறங்கி நட்டுக் காட்டுறதுதானே, பாக்கியம். இல்ல, ஒனக்கும் மறந்துபோச்சா?"

பாக்கியம் வெற்றிலையைத் துப்பிவிட்டு இறங்கினாள். அவள் இறங்கியதும் மற்றவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள்? ஒரு பக்கம் நிமாய் ஆட்கள், மறுபக்கம் பெண்கள், நடுவில் அம்மா. யாரும் போட்டி என்று சொல்லவில்லை. ஆனால் நிமாய் ஒருமுறை ஓரக்கண்ணால் பெண்கள் வரிசையைப் பார்த்தான், அவன் கை வேகம் கூடியது. பாக்கியமும் அதைப் பார்த்தாள்.

எங்கள் இல்லத்தில் முதியவர்களுக்குப் பொழுதுபோக்கு நடத்தும் வேலைக்கும் நெடுங்காலமாக ஆள் இல்லை. பிற்பகலில் பாட்டு, காலையில் பந்து எறிதல் என்று சுவரில் எழுதியிருக்கும், நடத்த யாருமில்லை. அன்று டெனிஸ் தன் டேப்லெட்டைக் கூடத்துத் தொலைக்காட்சியோடு இணைக்கச் சொன்னார். சக்கர நாற்காலிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவர்களில் பலர் பண்ணை வீடுகளில் பிறந்தவர்கள். நெல்லைப் பார்த்திராதவர்கள், ஆனால் மழைக்கு முன் வேலையை முடிக்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்தது. விரிப்பு மூலையில் குறை காணும் மூதாட்டிகள் மூவரும் பாக்கியத்தின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். டெனிஸ் நிமாய் கட்சி. நானும் ஷம்பாவும் நடுவில் மருந்து கொடுத்துக்கொண்டே ஓடினோம். ஒரு கதவைத் திறந்தால் யாராவது, அந்த மூலை முடிந்ததா என்று கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ப்ரீடா உள்ளே வந்தார். கூடம் நிறைந்திருப்பதைப் பார்த்து முதலில் மகிழ்ந்தார். பிறகு திரையில் சேற்றில் நிற்கும் என் அம்மாவைப் பார்த்தார். இது யாருடைய காணொளி என்றார். என் தோழி என்றார் டெனிஸ். ப்ரீடாவுக்கு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்திருக்க வேண்டும். வேலை போயிற்று என்றே நினைத்தேன். வேலை போனால் விசாவும் போகும், விசா போனால் நேராக அந்த வயலில்தான் போய் இறங்க வேண்டும். ப்ரீடா வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே நிமாயின் ஆட்கள் குனிந்தவர் நிமிராமல் ஒரு துண்டு வயலை முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே அடுத்ததில் இறங்கினார்கள். ப்ரீடா என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், முழு அக்கறையோடு கேட்டார்:

"இவர்கள் வார இறுதியில் வேலை செய்வார்களா?"

கேலி செய்கிறார் என்று எண்ணிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இன்று வரை அது கேலியா கேள்வியா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காணொளி விதியைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை மட்டும் வந்தது, அதுவும் கிராண்ட் என்று முடிந்தது.

மழை மாலையில் பிடித்தது. கடைசி மூலையில் ஒரு துண்டு வயல் மிச்சமாகிவிட்டது; அது தண்ணீரில் மூழ்கி, அந்தப் போகம் தரிசாகத்தான் கிடந்தது. ஒரு போகம் தரிசு கிடந்தால் விட்டுவிடுகிறேன் என்று சொன்னீர்களே என்று அக்கா நினைவுபடுத்தினாள். அது தரிசு இல்லை, மழைத்தண்ணி என்றார் அம்மா. ஷம்பாவின் அப்பாவிடம் போன ஆட்கள் கதிரை அறுத்தார்கள்; சாய்ந்ததில் ஒரு பங்கு முளைத்துப்போனது, மீதி களத்துக்கு வந்தது. அவர் நெல்மூட்டை அருகே நிற்கும் படத்தை ஷம்பா என் அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, இது என்ன ரகம் என்று கேட்டார். நானும் ஷம்பாவும் மறுபடி முழு வாக்கியங்களில் பேசிக்கொள்ளத் தொடங்கியிருந்தோம். ஆனால் ஒன்று: அவள் வங்காள மொழியில் யாரோடு நெடுநேரம் பேசினாலும் இப்போது நான் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.

நிமாய் போகவில்லை. தண்ணீர் பாய்ச்ச, வரப்பு வெட்ட, உரம் போட என்று அம்மா ஒவ்வொரு வேலையாக நீட்டி அவனை நிறுத்திக்கொண்டார். மாசியில் தாளடி அறுவடைக்கு எனக்கு விடுமுறை கிடைத்தது; கிடைத்தது என்பதைவிட, ப்ரீடாவிடம் மன்றாடி வாங்கினேன் என்பதுதான் சரி. அறுவடை எந்திரம் வயலில் நிற்பதால் வர முடியாது, ஆள் அனுப்புகிறேன் என்றார் அம்மா. திருக்காட்டுப்பள்ளியில் பேருந்தைவிட்டு இறங்கினால், அப்பாவின் பழைய வண்டியில் நிமாய் காத்திருக்கிறான். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். என் பெட்டியை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, உட்காருங்க என்று எனக்குப் பின்னிருக்கையைக் காட்டினான்.

வழியெல்லாம், அம்மாவின் சத்தத்தில் கற்ற தமிழில், ஒரு விருந்தாளிக்குச் சொல்வதுபோல எனக்கு ஊரைச் சொல்லிக்கொண்டே வந்தான். இது பெரிய மதகு, இங்க தண்ணி லேட்டா வரும். இது தலைவர் வயல், அவரு சண்டை போடுவாரு. இந்தப் பாலம் உடைஞ்சிருக்கு, பிடிச்சுக்கங்க. நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் தெரு முனையில் பெட்டிக்கடைக்காரர், நான் இருந்தவரை இல்லாத புது ஆள், அவனைப் பார்த்துக் கையசைத்து, பின்னால யாருப்பா என்று கேட்டார்.

நிமாய் வண்டியை நிறுத்தாமல், திரும்பிப் பாராமல், சுத்தமான தமிழில் பதில் சொன்னான்.

"நம்ம அம்மா பையன். வெளியூரு."